காய்ச்சல் பார்க்கிறவள்

வீட்டுக்குள் எலி புகுந்துவிட்டது என்று எல்லப்பன் முடிவு செய்தபோது புரட்டாசி பாதி கழிந்திருந்தது.

விதைக்கென்று கட்டிய கடலைக்காய் மூட்டைகள் உள்ளறையில் பலகைமேல் அடுக்கியிருந்தன. அதற்கு இந்தப் பக்கம் அவனும் மனைவி அனுசுயாவும் பாய் போட்டுப் படுப்பார்கள். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் நறநறவென்று சத்தம் கேட்க ஆரம்பிக்கும். நிற்கும். மறுபடி கேட்கும். எழுந்து விளக்கைப் போட்டால் சத்தம் இருக்காது. அனுசுயா மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இன்னாங்க?" என்பாள். "எலி. நீ படு" என்பான்.

பரணிலிருந்து பொறியை இறக்கி, சுட்ட தேங்காய்ச் சில்லைச் செருகி, மூட்டைகளுக்கு நடுவில் வைத்தான். சில்லு வைத்தபடியே காய்ந்தது. பக்கத்து வீட்டிலிருந்து தம்பி மனைவி மணியம்மை வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கருவாடு வெச்சாத்தான் வரும் பாவா. தேங்காய்க்கு வர்றதுக்கு அது இன்னா பஜனைக்கு வந்த எலியா?"

"புரட்டாசியில வூட்டுக்குள்ள கருவாடா? பேசாத போ."

"அப்ப எலியும் பெருமாளுக்கு வேண்டிக்கினு கீது போல."

எல்லப்பன் மூட்டை ஒவ்வொன்றையும் நகர்த்திப் பார்த்தான். ஒரு கோணியிலும் ஓட்டை இல்லை. கீழே ஒரு பொட்டு கடலை ஓடு கிடக்கவில்லை. தின்னாமல் கடித்துக்கொண்டே இருக்கிற எலி எந்த ஊர் எலி என்று அவனுக்கு விளங்கவில்லை.

விளங்கியது ஒரு பிற்பகலில். கே.ஜி.கண்டிகைக்குப் போய் டீசல் வாங்கிக்கொண்டு வந்தவன், வாசலில் சைக்கிளை நிறுத்தினான். அனுசுயா வாசற்படியில் உட்கார்ந்து திருத்தணி மலைக்கு மேலே கூடுகிற மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் முறம். முறத்தில் ஒன்றும் இல்லை. வாய் மூடியிருந்தது. காதுக்குக் கீழே கன்னத்தில் ஒரு முடிச்சு எழுந்து எழுந்து அடங்கியது. அதே நறநற.

அவன் டீசல் கேனைக் கீழே வைக்காமலே நின்றான்.

"நீதானா அது?"

"எது?"

"எலி."

அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல.

கடலைக்காய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அந்தப் பக்கத்தில் ஆளுக்கொரு வழி உண்டு. காதருகே வைத்துக் குலுக்குவார்கள். பருப்பு உள்ளே கலகலவென்று ஆடினால் சரி. உடைத்து, பருப்பை விரலிடுக்கில் தேய்ப்பார்கள். தோல் சுலபமாகக் கழன்றால் சரி. விற்கிற காய்க்கு இது போதும். விதைக்காய் அப்படியில்லை. வெயில் குறைந்தால் மூட்டைக்குள் புழுங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். வெயில் கூடினால் முளை செத்துவிடும். பார்க்க லட்சணமாக இருக்கும், மண்ணில் போட்டால் எழுந்திருக்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பதத்துக்கு அவர்கள் காய்ச்சல் என்று சொல்வார்கள். "காய்ச்சல் வந்துடுச்சா?" "இன்னும் காய்ச்சல் பத்தல." உடம்புக்கு வருகிற காய்ச்சலும் அவர்களுக்கு உண்டு. ஆனால் அறுவடைக் காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் நெற்றியைத் தொட மாட்டார்கள். களத்தைத்தான் பார்ப்பார்கள்.

காய்ச்சலைச் சொல்ல அனுசுயாவுக்கு ஒரு பல் இருந்தது. வலப்பக்கம், கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த வருஷம், களத்தில் ஒரு பருப்பை எடுத்துக் கடித்துவிட்டு, "இன்னும் ஆவல" என்று தன்பாட்டுக்குச் சொன்னாள். மாமனார் கேட்காமல் மூட்டை கட்டினார். மார்கழியில் பிரித்தபோது பாதி மூட்டையில் பச்சைப் புகை பறந்தது. அதற்கு மறுவருஷம் அவரே ஒரு கைப்பிடிக் காயைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். பிறகு எதிர்வீட்டுச் சேட்டு கொண்டுவந்தான். பிறகு ஊரே கொண்டுவந்தது.

அவள் கடிப்பதைப் பார்க்கவேண்டும். ஓட்டை விரலால் உடைத்து, பருப்பை மட்டும் வாயில் போட்டு, நாக்கால் வலப்பக்கம் தள்ளுவாள். பார்வை எங்கேயாவது தூரத்தில் போய் நிற்கும். உடனே கடிக்க மாட்டாள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் பருப்பு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு மெல்ல, எடை ஏற்றுவதுபோல அழுத்துவாள். ஈரமிருந்தால் பருப்பு சத்தமில்லாமல் நசுங்கும். அதிகம் காய்ந்திருந்தால் கூழாங்கல்போல் நின்று திடீரென்று சிதறும். பதத்தில் இருந்தால் 'டக்'. அந்த டக்குக்குள்ளும் பல டக்குகள் உண்டு. எது விதைக்கு ஆகும் என்பதை அவளால் சொல்ல முடியும், விளக்க முடியாது. துப்பிவிட்டு, "ஆவல" என்பாள். அல்லது, "ஆச்சு, கட்டு."

அவ்வளவுதான். கேட்டவர்கள் மூட்டையைத் தைத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போனார்கள். வேளாண்மை ஆபீசில் ஈரம் பார்க்கிற மிஷின் இருந்தது, ஒழுங்காகத்தான் சொல்லும். அதற்கு ஒரு பொழுதைச் செலவழித்துத் திருத்தணி போகவேண்டும். அனுசுயா வாசலிலேயே இருந்தாள். அவள் சொன்னது ஒருமுறையும் தப்பியதில்லை. எல்லப்பனுக்கு அதில் பெருமை. டீக்கடையில் யாராவது களத்தைப் பற்றிப் பேசினால், "எங்க வூட்டுல கொண்டாந்து காட்டு" என்று அழைத்துவிடுவான்.

பல் உடைந்தபோது அவள் வாயில் ஒன்றுமே இல்லை.

ஐப்பசி பிறந்த அன்று. அந்த வருஷம் ஆடியில் வரவேண்டிய மழை வராமல் ஊரில் பலருக்கும் காய் சுருங்கிப் போயிருந்தது. மணியம்மை மட்டும், எல்லாரும் சிரிக்கச் சிரிக்கப் பிந்தி விதைத்து, கிணற்றுத் தண்ணீரைக் கட்டி, ஒற்றையாளாகப் பயிரைக் காப்பாற்றியிருந்தாள். அவள் புருஷன் தேசப்பன் ஒரகடத்தில் கம்பெனி வேன் ஓட்டினான். விடுமுறை கிடைத்தால்தான் வருவான். அவள் கொல்லை நிலத்தில் பிடுங்கிய காய் திரண்டு, பருப்புத் தோல் இளஞ்சிவப்பாக மின்னியது. தை விதைப்புக்கு விதை இல்லாத எல்லாரும் அந்தக் காயைச் சொல்லிவைத்துவிட்டார்கள். ஊரின் அடுத்த பட்டத்து விதை முக்காலும் சிமெண்டுக் களத்தில் மணியம்மையின் காயாகப் பரப்பிக் கிடந்தது.

வங்கக் கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொன்னார்கள். அனுசுயா களத்தோரம் நின்று மலையைப் பார்த்தாள். மேகம் மலைக்கோயில் கோபுரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்போது டக்கென்று ஒரு சத்தம். நன்றாகக் காய்ந்த பருப்பு உடைகிற அதே சத்தம். பழக்கத்தில் அவள் நாக்கு பருப்பைத் தேடியது. அகப்பட்டது பல்லின் ஒரு சில்லு. அதை உள்ளங்கையில் துப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலி காதுக்குள் ஏறி உச்சந்தலைக்குப் போனது.

"கிராம்பு வை அக்கா" என்றாள் மணியம்மை. "ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிடாத. மேல்பல்லப் புடுங்கினா கண்ணு போயிடும். கீழ்ப்பல்லப் புடுங்கினா காது. எங்க பெரியம்மா புடுங்கிக்கினு வந்து, கூப்புட்டா திரும்பறதே இல்ல."

"உங்க பெரியம்மா முன்னாடி மட்டும் திரும்புனாளா?" என்றான் எல்லப்பன்.

"நீ சும்மா இரு பாவா. காது போனா போவட்டும், எங்க காய் களத்துல கெடக்குது. அக்கா, நாளானிக்கி நீ பாத்துச் சொல்லிட்டின்னா நான் கட்டிடுவேன். மழை வருதுன்றானுங்க."

மறுநாள் அனுசுயா கஞ்சி மட்டும் குடித்தாள். அதற்கு மறுநாள் கஞ்சியும் இறங்கவில்லை. வலப்பக்கம் வீங்கியிருந்தது. யாருக்கும் தெரியாமல் களத்திலிருந்து ஒரு பருப்பை எடுத்து இடப்பக்கம் வைத்துக் கடித்துப் பார்த்தாள். உடைந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று கடித்தாள். சந்தையில் விற்கிற வேர்க்கடலையைத் தின்கிற யாரோ ஒருத்தியின் வாய்போல் இருந்தது.

சனிக்கிழமை காலை எல்லப்பன் அவளைப் பஸ் ஏற்றித் திருத்தணிக்குக் கூட்டிப்போனான்.

பல் ஆஸ்பத்திரி மாடியில் இருந்தது. கீழே பூஜைச் சாமான் கடை. விபூதியும் கற்பூரமும் படியேறி வந்தன. டாக்டர் கயல்விழி அரக்கோணத்துப் பெண், தங்கள் மகளைவிட ரெண்டு வயசு மூத்தவளாக இருக்கலாம் என்று அனுசுயா நினைத்தாள். நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னாள். இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. டாக்டர் கன்னத்தை இரண்டு பக்கமும் அழுத்தினாள்.

"கல்லு மாதிரி இருக்கேம்மா. காலைல எழுந்தா தாடை வலிக்குமா?"

"ஆங்."

"தலைவலி?"

"அதுவும்தான்."

"எதை அதிகமாக் கடிப்பீங்க?"

"கடலைக்காதான். காய்ச்சல் பார்ப்பேன்."

டாக்டர் அந்தக் கடைசி வார்த்தையைக் கவனிக்கவில்லை. விளக்கை இன்னும் கிட்டே இழுத்து, கண்ணாடியால் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"கடலை கடிச்சா இப்படித் தேயாதும்மா. எல்லாப் பல்லும் தட்டையாப் போயிருக்கு. இது வாய்ல ஒண்ணும் இல்லாதப்ப கடிச்சுக் கடிச்சு வந்த தேய்மானம். மனசுல ஏதாவது கவலை இருக்கா?"

"அவளுக்கு இன்னாங்க கவல?" என்றான் எல்லப்பன். "ஒரே பொண்ணு, சுசித்ரா, கட்டிக்குடுத்து நல்லா கீது. நான் குடிக்கிறவன் இல்ல. வூட்டுல ஒரு சண்ட சச்சரவு கெடையாது."

"உங்களைக் கேக்கலைங்க."

அனுசுயா கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள். முடிச்சு எழுந்து அடங்கியது. டாக்டரின் விரல் இன்னும் கன்னத்தில்தான் இருந்தது.

"சரி. பல்லு விரிசல் விட்டு நரம்பு வரைக்கும் போயிருக்கு. ரெண்டு வழி. பிடுங்கிடலாம். இல்லேன்னா வேர் சிகிச்சை பண்ணி, உள்ளே இருக்கிறதை எடுத்துட்டு மேல கேப் போட்டுடலாம்."

"வேரை எடுத்துட்டா எப்படிங்க நிக்கும்?" எல்லப்பன் நிஜமாகவே பதறினான். "எங்க பயிருக்கு வேருதாங்க எல்லாம். காயே அங்கதான்."

"வேர் எங்கேயும் போகாது. அதுக்குள்ள ஓடுற நரம்பு மட்டும்தான் போகும். வலி போயிடும்."

"காது?"

"காதுக்கும் பல்லுக்கும் சம்பந்தம் இல்லைங்க. யார் சொன்னா?"

"எங்க தம்பி சம்சாரத்தோட பெரியம்மா."

அனுசுயா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் காதைப் பற்றிய பயம் இல்லை. ஊசியைப் பற்றிக்கூட அவ்வளவு இல்லை. மூன்று நாளாக அவள் வைத்திருந்தது ஒரே கேள்வி.

"கேப்பு போட்டா, அந்தப் பல்லுல காய்ச்சல் தெரியுமா?"

"காய்ச்சலா? எப்ப இருந்தும்மா?" டாக்டர் உடனே புறங்கையை அவள் நெற்றியில் வைத்தாள். "வீக்கம் இருக்கே, இருக்கும். அம்சா, தெர்மாமீட்டர் எடு."

நர்ஸ் அம்சா கொண்டுவந்து அக்குளில் செருகிவிட்டாள். அனுசுயா என்ன செய்வதென்று தெரியாமல் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அந்தக் காய்ச்சல் இல்லம்மா. கடலைக்கா காய்ச்சல். இவ பல்லுல வெச்சுக் கடிச்சாத்தான் எங்க ஊரே மூட்ட கட்டும்."

டாக்டரும் சிரித்துவிட்டாள். சிரிப்பு ஓய்ந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டு அனுசுயாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "எப்படிப் பார்ப்பீங்க? சொல்லுங்க" என்றாள். அனுசுயா சொன்னாள். பருப்பு சும்மா இருக்கிற நேரம், அழுத்துகிற நேரம், நசுங்குவது, நிற்பது, உடைவது. இத்தனை காலத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. 'ஆச்சா' என்றுதான் கேட்டிருந்தார்கள்.

டாக்டர் இடக்கையை மூடி, வலக்கை விரலை அதற்குள் செருகிக் காட்டினாள்.

"பல்லோட வேருக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும்மா. எவ்வளவு அழுத்தம்னு சொல்றது அதுதான். அதை நான் தொடமாட்டேன். அதனால கொஞ்சம் தெரியும்னு நினைக்கிறேன். ஆனா நீங்க சொல்ற அளவுக்கு, பழையபடி தெரியுமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. புடுங்கிட்டா மட்டும் நிச்சயம் தெரியாது."

எனக்குத் தெரியாது. டாக்டர் இதைச் சொல்லும்போது அனுசுயா அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் அசையவில்லை. மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் இருந்தது குரல். சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"வேர் வேலையே பண்ணுங்கம்மா" என்றாள் அனுசுயா.

ஊசி போட்டபோது அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. "வாயைத் திறந்துகிட்டே பல்லைக் கடிக்கிறவங்களை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் டாக்டர். "தோளை இறக்குங்க. கையை விரிங்க. இங்க நீங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை. நான் பாத்துக்கறேன்."

நீங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை. அனுசுயா கையை விரித்தாள்.

முதல் நாள் வேலை முடிந்து, தற்காலிகமாக அடைத்து, தூங்கும்போது பல்லுக்கு மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்வதற்கு, குழைத்த மாவில் மேல்வரிசையை அச்சு எடுத்தாள். அடுத்த முறை வரும்போது தருவதாகச் சொன்னாள். "அதுவரைக்கும் ஒரு பழக்கம். உதடு மூடியிருக்கலாம். பல்லு ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது. சாப்பிடறப்ப மட்டும் தொட்டாப் போதும்."

வாயை மூடிக்கொண்டு பல்லைத் தொடாமல் இருப்பது. அனுசுயா படியிறங்கும்போதே செய்துபார்த்தாள். வீட்டில் எல்லாக் கதவையும் திறந்துபோட்டுவிட்டு வெளியே வந்ததுபோல் இருந்தது.

பஸ் நிலையத்தில் உட்கார இடம் கிடைத்தது. நகரியிலிருந்து மொட்டை போட வந்த ஒரு குடும்பம் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டே புளிசாதம் தின்றது. எல்லப்பன் இளநீர் வாங்கி வந்தான். மரத்துப்போன உதட்டிலிருந்து அது ஒழுகியது. அவன் துண்டால் துடைத்துவிட்டான்.

"ஏம்மே, அந்த டாக்டரம்மா கவலன்னு கேட்டுச்சே. இன்னா கவல? எங்கிட்டகூட சொல்லக்கூடாதா?"

அவள் இளநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் காத்திருக்கத் தெரியும். மழைக்குக் காத்திருந்த வருஷங்கள் அவனுக்கு அதைக் கொடுத்திருந்தன.

"நீங்கல்லாம் மூட்டயத் தச்சுட்டுத் தூங்கிடுறீங்க" என்றாள் கடைசியில். நாக்கு பாதி புரண்டது. "நான் ஆச்சுன்னு சொல்லிடுறேன். அதுக்கப்புறம் அதப் பிரிக்கிற வரைக்கும் எனக்கு அந்த மூட்ட உள்ளயே கெடக்குது. சேட்டு மூட்ட, குப்பம்மா மூட்ட, ஒவ்வொருத்தர் மூட்டயும். பூஞ்ச புடிச்சுதோ, முள செத்துச்சோன்னு. யாராவது வாசல்ல வந்து நின்னாலே, கெட்டுப்போச்சுன்னு சொல்லத்தான் வந்துட்டாங்களோன்னு மூஞ்சப் பாப்பேன்."

"ஒரு தடவகூட கெடலையே அனுசு."

"அதான் கஷ்டம். ஒரு தடவ தப்பியிருந்தா வுட்டுட்டு இருப்பாங்க. தப்பவே இல்ல."

பஸ் வந்தது, ஏறினார்கள். வழியெல்லாம் கரும்பும் நெல்லும் கடந்து போயின. டீக்கடையில் உட்கார்ந்து தான் அழைத்துவிட்ட முகங்கள் ஒவ்வொன்றாக அவனுக்கு நினைவு வந்தன. ஒவ்வொருவனும் ஒரு கைப்பிடிக் காயோடு இவன் வீட்டு வாசலுக்குப் போகிறான். அவளுடைய வாயில் அதை வைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு திரும்புகிறான். தான் படுத்த இடத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இத்தனை பேருடைய மூட்டையும் அரைபட்டுக்கொண்டிருந்திருக்கிறது. தான் அதற்குப் பொறி வைத்திருக்கிறான்.

கண்டிகையில் இறங்கி ஊருக்கு நடக்கும்போது காற்று ஈரமாக அடித்தது.

களத்தில் மணியம்மை காயைக் குவித்து முடித்திருந்தாள். சேட்டும், பிடுங்கல் வேலைக்கு வந்த குப்பம்மாளும், விதைக்குச் சொல்லிவைத்த இன்னும் நாலைந்து பேரும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மலை தெரியவில்லை. மேகம் அதை முழுங்கியிருந்தது.

"வந்துட்டியா அக்கா! உன் காது கேக்குதா?" மணியம்மை ஓடிவந்தாள். கையில் காய். "சீக்கிரம் பாரு. ஆச்சுன்னா இப்பவே கட்டிடுறேன். ஆவலன்னா தார்ப்பாயப் போட்டு மூடி, நாளைக்கு வெயில் வருமான்னு பாக்கணும். சொல்லு."

பழக்கத்தில் அனுசுயாவின் கை நீண்டது. ஓட்டை உடைத்தது. பருப்பை வாய்வரை கொண்டுபோனாள். எல்லாரும் அவள் தாடையையே பார்த்தார்கள். வலப்பக்கம் மரத்திருந்தது, அங்கே வாய் இருக்கிறதா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் கடித்து, ஏதாவது ஒன்றைச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் நம்புவார்கள். எல்லப்பன் அவள் பின்னால் நின்றான்.

அவள் பருப்பைத் திரும்ப மணியம்மையின் கையில் வைத்தாள்.

"தெரியல" என்றாள்.

"இன்னாது?"

"எனக்குத் தெரியல மணி."

காற்று தார்ப்பாயை அடித்தது. முதலில் யாருக்கும் அது புரிந்ததாகத் தெரியவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இன்னா அனுசுயா இப்படிச் சொல்ற, மழை தலமேல நிக்குது!"

"ஆபீசுல மிஷின் இருக்குதே?"

"சனிக்கெழம எவன் இருப்பான்?"

மணியம்மையின் முகம் சிவந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் சொன்ன. எனக்குன்னு வர்றப்ப மட்டும் தெரியலயா? பின்னாடி வெதச்சேன்னு எல்லாம் சிரிச்சீங்க. இப்ப இதுவும் போவட்டும்னு பாக்குறியா அக்கா?"

எல்லப்பன் வாயைத் திறந்தான். அனுசுயா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"உன் பயிரு. ராத்திரி பகலாத் தண்ணி கட்டினவ நீ. அது எப்ப திரண்டுச்சுன்னு உனக்குத் தெரியும். காயப்போட்டுக் கிளறினவ நீ. உனக்கு வாய் இல்லியா? நீ கடி."

"எனக்கு இன்னா தெரியும்?"

"கடிச்சாத்தான் தெரியும்."

மணியம்மை அவளை முறைத்துக்கொண்டே பருப்பை வாயில் போட்டாள். சேட்டும் குனிந்து ஒன்றை எடுத்தான். பிறகு இன்னொருவர். களத்தைச் சுற்றி நின்ற எல்லாரும் கடிக்க ஆரம்பித்தார்கள். டக் டக்கென்று சத்தம் கேட்டது, சத்தமில்லாமலும் சில நசுங்கின.

"ஆச்சு" என்றான் சேட்டு.

"எங்க ஆச்சு? என்துல மாவா வருது."

"நீ ஓரத்துல எடுத்திருப்ப. குவியல் நடுவுல எடு."

"எனக்குப் பல்லே இல்ல, நான் எதால பாக்கறது?" என்றாள் குப்பம்மாள். நகத்தால் ஒரு பருப்பை அழுத்தினாள். "நகம் எறங்கல. ஆச்சுன்னுதான் தோணுது."

"உன் நகம் வெண்ணெயிலகூட எறங்காது."

கொஞ்சம் சிரிப்பு. மணியம்மை சிரிக்கவில்லை. குவியலின் நடுவிலிருந்தும், அடியிலிருந்தும், ஓரத்திலிருந்தும் எடுத்து எடுத்துக் கடித்தாள். ஒவ்வொன்றையும் கடித்துவிட்டு அனுசுயாவின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் பார்ப்பது நின்றது. பார்வை மலை இருக்கவேண்டிய இடத்தில் போய் நின்றது. கடைசியாக ஒன்றை வாயில் போட்டு, கடிக்காமல் வைத்திருந்தாள். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

டக்.

"ஆச்சு" என்றாள் மணியம்மை. "கட்டுங்க."

மழை அன்று வந்து, விடாமல் பெய்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர் ஓடியது. அனுசுயா ரசத்தில் சோற்றைக் கரைத்துக் குடித்தாள். உதட்டை மூடி, பல்லைத் தொடாமல் வைத்துப் பழகினாள். மறந்து கடிப்பாள், முடிச்சு எழும். நினைவு வந்து தாடையை இறக்குவாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், தலைக்குக் கோணியைப் போட்டுக்கொண்டு மணியம்மை வந்தாள். வந்தவள் அடுப்படியில் உட்கார்ந்தாள். ஒரு கை கன்னத்தில் இருந்தது.

"இன்னாடி?"

"தாடை வலிக்குது அக்கா. தல விண்விண்ணுன்னு தெறிக்குது." குனிந்துகொண்டாள். "மூட்டயத் தச்சதுல இருந்து தூக்கமே இல்ல. எழுந்து எழுந்து பிரிச்சுக் கைய வுட்டுப் பாக்குறேன், உள்ள சூடு கீதான்னு. சில்லுன்னுதான் கீது. தச்சுட்டு வந்து படுத்தா, மறுபடி எழுந்துடுறேன். சேட்டு வந்து தீப்பெட்டி கேட்டான், வெதையத்தான் கேக்க வந்துட்டான்னு கதவுக்குப் பின்னால போயி நின்னுக்கினேன்."

அனுசுயா சுக்குத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள்.

"பிரிச்சுப் பிரிச்சுப் பாக்காத. ஈரக்காத்து உள்ள போவும்."

"நீ இன்னா பண்ணுவ? எத்தினி தடவ பிரிப்ப?"

"நான் பிரிக்கவே மாட்டேன்."

மணியம்மை நிமிர்ந்து பார்த்தாள். அனுசுயாவின் வீங்கிய கன்னத்தை, அதன் பக்கத்தில் இறங்கிக் கிடந்த மற்றக் கன்னத்தை, முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இத்தனை வருஷம், இத்தனை மூட்டை என்று அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வந்து, தன் குளிர்ந்த ஈரக் கையை அனுசுயாவின் கன்னத்தில் ஒத்தடம்போல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி அக்கா நீ சிரிச்சுக்கினு இருந்த?"

"இன்னா பண்றது, கேட்டவங்க முன்னால அழுவவா முடியும்?"

"இனிமே எவனாவது வந்தா எங்கிட்ட அனுப்பு. நானும் கடிக்கிறேன். ரெண்டு பேரும் சொன்னா, தப்பிப் போனாலும் பழி ரெண்டு பேருக்கும் போவட்டும்."

"உனக்கும் பல்லு போவும்டி."

"போனா டாக்டரம்மா இருக்குதே. காதுதான் போவாதாமே."

அனுசுயா சிரித்தாள். சரியாக மூடாத பாதி வாயால் சிரித்ததில் அது கொஞ்சம் கோணலாக வந்தது.

அன்று பிற்பகல் மழை தணிந்து தூறலாகியது. சொட்டுகிற கூரையைப் பார்ப்பதற்கு உள்ளறைக்குப் போன எல்லப்பன், பாயில் அனுசுயா தூங்குவதைப் பார்த்தான். பகலில் அவள் படுத்து அவன் கண்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். நறநறவென்று சத்தம் கேட்டது.

அவனுக்கு மனசு கனத்துப்போனது. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு பருப்பு போகும் அளவு இடம் இருந்தது. முடிச்சு இல்லை. மூச்சு நிதானமாக வந்து போயிற்று.

நறநற.

சத்தம் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. பலகைக்கு அடியில் ஒரு வால் நெளிந்து மறைந்தது. கீழே நாலைந்து உடைந்த கடலை ஓடுகள் கிடந்தன.

புரட்டாசி போய்விட்டது. கருவாடும் வீட்டில் இருந்தது. எல்லப்பன் எழுந்து பரணிலிருந்து பொறியை இறக்கினான், துடைத்தான், கம்பியை இழுத்து மாட்டப்போனவன் அப்படியே நின்றான். பொறி விழுந்தால் டக்கென்று சத்தம் வரும்.

அவன் பொறியைக் கதவுக்குப் பின்னால் ஓசைப்படாமல் வைத்துவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். தின்னட்டும் என்று நினைத்துக்கொண்டான். அவள் எழுந்திருக்கிறவரைக்கும் தின்னட்டும்.